குப்பியின் மேல் ஓர் எண்

புகைவண்டி பிந்தியே வருமென்று நானுஓயா நிலையத்தில் அறிவித்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். மலைச்சரிவிலிருந்து இறங்கிய முகில் தண்டவாளங்களை மெல்ல மூடிக்கொண்டிருந்தது. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள அவ்வூரின் குளிர், காத்திருப்போரைத் தேநீர்க் கடைக்குத் துரத்திவிடும். நானும் ஒதுங்கினேன். மூலையில் இருந்த இளைஞர் ஒருவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். பல்லாண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்தவர், கணக்கில் கெட்டிக்காரர். இப்பொழுது கொழும்பிலே தொழில் பார்க்கிறார். விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். நீரிழிவு நோயாளியான தாயாருக்கு நுவரெலியா நகரில் இன்சுலின் ஊசிகள் வாங்கிக்கொண்டு, தோட்டத்துக்குச் செல்லும் பஸ்ஸை எதிர்பார்த்திருந்தார். நடையில் சற்றே நொண்டல் தெரிந்தது. கரப்பந்தாட்டத்தில் முழங்கால் பிசகி ஏழு மாதமாயிற்றாம்.

பேச்சினிடையே சட்டைப் பையிலிருந்து கடதாசியில் சுற்றிய பொருளொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கட்டைவிரல் அளவேயான கண்ணாடிக் குப்பி. அடியில் உப்புப் படிந்தாற்போல் சிறிது வெண்பொடி. மேலே ஒட்டிய தாளில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பெயர். அதன் கீழே 5 மில்லிகிராம் என்ற எண். அதற்கும் கீழே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கவேண்டிய சிற்றெழுத்தில், ஆராய்ச்சிக்கு மட்டுமே, மனிதப் பயன்பாட்டுக்கு அன்று என்னும் பொருள்பட ஒரு வரி. கொழும்பில் உடற்பயிற்சிக் கூடமொன்றிலே பழகிய நண்பர் கொடுத்ததாம். மூட்டு, தசைநார் முதலியவற்றின் காயம் விரைவில் ஆறிவிடும் என்றாராம்.

“பத்துப் போடச் சொன்னாரு சேர்.”

“பத்து என்றால் என்ன பத்து, தம்பி?”

“பத்துதான் சேர். அம்மாவோட ஊசியில பத்தாவது கோடு வரைக்கும்.”

கணக்கில் கெட்டிக்காரரான மாணவர் சொன்ன இந்த விடைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பள்ளியிலே பத்து மாம்பழமா, பத்து ரூபாயா என்று கேளாமல் நாம் எந்தக் கணக்குக்கும் புள்ளி போட்டதில்லை. உடம்புக்குள் செல்லும் பொருளுக்கு மட்டும் வெறும் பத்து எவ்வாறு போதுமாயிற்று?

தமிழ் கற்பிப்போருக்கு ஒரு சொல்லை நினைவூட்ட விரும்புகிறேன். மாத்திரை என்றால் இன்று வில்லையாகிய மருந்து. இலங்கையில் நாம் குளிசை என்றும் சொல்கிறோம். ஆனால் இலக்கணத்தில் மாத்திரை என்பது அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அந்த ஒன்று எவ்வளவு என்பதையும் தொல்காப்பியர் சொல்லாமல் விடவில்லை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று எவரும் ஒத்துப் பார்க்கத்தக்க ஓர் உரைகல்லை வைத்தார். அளவு என்பது எண்ணினால் மட்டும் ஆவதன்று. எதனோடு ஒப்பிட்டு எண்ணுகிறோம் என்பதும் சேர்ந்தால்தான் அளவு. அளவைக் குறித்த சொல்லே மருந்துக்குப் பெயராகி நிலைத்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

இனி அந்தப் பத்துக் கோட்டைப் பார்ப்போம். இன்சுலின் ஊசிக்குழலிலே உள்ள கோடுகள் எடையைக் காட்டுவன அல்ல. ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு இன்சுலின் கரைந்திருக்கிறது என்னும் நிபந்தனையின்மேல் வரையப்பட்ட கோடுகள் அவை. அந்த மருந்தை அந்தக் குழலில் எடுக்கும்போது பத்தாவது கோடு என்பது பத்து அலகு. வேறெதை எடுத்தாலும் பத்தாவது கோடு என்பது ஒரு மில்லிலீற்றரின் பத்திலொரு பங்கு திரவம், அவ்வளவே. அத்திரவத்தில் மருந்து எவ்வளவு என்பதைக் கோடு அறியாது.

கடதாசியையும் பேனாவையும் எடுத்து அவரையே கணக்குப் போடச் சொன்னேன். குப்பியில் 5 மில்லிகிராம் இருப்பதாகவே கொள்வோம். அதில் 1 மில்லிலீற்றர் நீர் சேர்த்தால் பத்தாவது கோட்டில் அரை மில்லிகிராம், அதாவது 500 மைக்ரோகிராம். 2 மில்லிலீற்றர் சேர்த்தால் அதே கோட்டில் 250. 3 சேர்த்தால் ஏறத்தாழ 167. கோடு மாறவில்லை, மருந்து மாறிவிட்டது. “எவ்வளவு தண்ணீர் சேர்க்கச் சொன்னார்?” என்று கேட்டேன். குப்பி நிறையச் சேர்க்கச் சொன்னாராம்!

இதை ஏதோ நம் மலைநாட்டுப் பிள்ளையின் அறியாமை என்று எண்ணவேண்டாம். உடற்பருமனுக்கும் நீரிழிவுக்கும் வழங்கும் செமாகுளுட்டைடு என்னும் மருந்தை மருந்தகங்களே குப்பிகளில் கலந்து கொடுக்கும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவிலே பரவியபோது இதே குழப்பம் அங்கும் நேர்ந்தது. மில்லிகிராம், மில்லிலீற்றர், அலகு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மயங்கி, எண்ணியதைப்போல் ஐந்து மடங்கு முதல் இருபது மடங்கு வரை சிலர் ஏற்றிக்கொண்டனர் என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் எச்சரித்தது. வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டவர்களும் உண்டு. பிழைவிட்டவர்களுள் நோயாளிகள் மட்டுமன்றி மருத்துவத் தொழிலினரும் இருந்தனர். அந்த மருந்து முறைப்படி ஆராயப்பட்டு ஏற்கப்பட்டது, வாரத்துக்கு 0.25 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றவேண்டும் என்று அச்சிட்ட விதியும் அதற்கு உண்டு. ஒரு வாரம் கழிந்தாலும் அதில் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே தங்கியிருக்கும்; அடுத்த வாரத்து ஊசி அதன்மேல் ஏறும். ஆதலால் முதல்நாள் பிழை அன்றோடு தீராது. விதியுள்ள மருந்துக்கே இந்த நிலை.

இந்தியாவில் இன்னொரு தொல்லை உண்டு. அங்கே மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்ட இன்சுலினும் 100 அலகு கொண்டதும் இரண்டும் வழங்குகின்றன. செந்நிற மூடியுள்ள ஊசிக்குழல் ஒன்றுக்கு, செம்மஞ்சள் மூடியுள்ளது மற்றொன்றுக்கு. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். தமிழ்நாட்டு உறவினர் கொண்டுவந்த மருந்துப் பொதியை நம்மவர் பயன்படுத்தும்போது இதைக் கவனித்தல் நன்று.

அலகு என்னும் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. 1922 ஜனவரியில் ரொறன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றியபோது, விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த அச்சாற்றில் தூய பொருள் எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. முதல் ஊசி பயன் தரவில்லை. ஏற்றிய இடத்தில் சீழ் கட்டியது. மேலும் தூய்மை செய்து பன்னிரண்டு நாட்களின் பின் ஏற்றியதே பலித்தது. எடைபோட்டு அளக்க இயலாத அந்நிலையில், ஒரு முயலின் குருதிச் சர்க்கரையை இன்ன அளவுக்குத் தாழ்த்த வல்லது ஓர் அலகு என்று வலிமையைக் கொண்டே வரையறுத்தார்கள். அது பின்னர் திருத்தப்பெற்று உலகப் பொது அளவாயிற்று. ஆகவே அலகு என்பது இன்சுலினுக்கே உரிய வலிமைக் கணக்கு. இன்னொரு பொடியை அந்தக் குழலில் எடுத்து அலகு என்று சொல்வது, பால் அளக்கும் படியில் மண்ணெண்ணெயை அளந்து அதையும் பால் என்று சொல்வது போலாகும்.

இன்சுலினும் பெப்டைடு என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததே. அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோத்த சரம் பெப்டைடு. இன்சுலினில் 51 மணிகள். அவை கோக்கப்பட்ட ஒழுங்கை 1955 அளவில் முற்றாகக் கண்டறிந்த சாங்கருக்கு 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த இளைஞர் கொண்டுவந்த பீ.பீ.சி. 157 என்பதில் 15 மணிகள். ஆய்வுக்கூடத்தில் செய்வது எளிது. அதனாலேயே விற்பதும் எளிதாயிற்று.

நானுஓயாவில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது இம்மலையே ஒருகாலத்தில் கற்ற பாடமொன்று நினைவுக்கு வராமற் போகாது. நுவரெலியாவைக் கடந்து சென்றால் வரும் ஹக்கலைப் பூங்காவை இன்று மலர்களுக்காகப் பார்க்கச் செல்கிறோம். 1861இல் அது தொடங்கப்பெற்றது மலருக்காக அன்று. சிங்கோனா மரக் கன்றுகளை வளர்ப்பதற்காக. மலைக்காய்ச்சலுக்கு நம் முன்னோர் குடித்த கொயினா அம்மரத்தின் பட்டையிலிருந்து வருவது. 1869இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் தோன்றி, தோட்டங்கள் அழியத் தொடங்கியபோது, தேயிலை நிலைபெறுவதற்கு முன் துரைமார் பலர் சிங்கோனாவையே நம்பினார்கள். நானுஓயாவுக்குப் புகையிரதப் பாதை வந்தது 1885இல். அக்காலத்தை ஒட்டி இலங்கையிலிருந்து ஆண்டொன்றுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கும் மேற்பட்ட பட்டை ஏற்றுமதியாயிற்று. பின்னர் விலை வீழ்ந்தது. மரங்களைப் பிடுங்கித் தேயிலை நட்டார்கள்.

விலை வீழ்ந்ததற்குச் சந்தையில் பட்டை மிகுந்தது ஒரு காரணம். மற்றொன்று நம் பொருளுக்கு நேரே உரியது. ஒரு பட்டைபோல் மற்றொரு பட்டை இல்லை. இலங்கையிலும் நீலகிரியிலும் மிகுதியாக நட்ட செம்பட்டை இனத்தில் கொயினா குறைவு. யாவாத் தீவில் ஒல்லாந்தர் வளர்த்த இனத்தில் அதைவிடப் பன்மடங்கு. ஒரே எடைப் பட்டையைக் கஷாயமிட்டால் ஒருவருக்குக் காய்ச்சல் நிற்கும், இன்னொருவருக்கு நில்லாது. மிகுந்துவிட்டால் காது இரையும், கண் மங்கும். பாரிஸ் நகரில் பெல்லெத்தியேயும் கவாந்துவும் 1820இல் கொயினாவைத் தனியே பிரித்தெடுத்த பின்னரே எடைக்கு ஒரு பொருள் உண்டாயிற்று. அதுவும் போதவில்லை. பட்டையில் கொயினாவோடு உடன்பிறந்த வேறு மூன்று சத்துகளும் உள்ளன. அவை பயன்படுமா, எவ்வளவில் பயன்படும் என்பதறியச் சென்னை அரசு 1866இல் ஒரு குழு அமைத்துக் காய்ச்சல் நோயாளிகளுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தது. மருந்தை வேறாக்கி அறிவது ஒரு வேலை. மனிதரிடத்து அதன் அளவை அறிவது இன்னொரு வேலை. இரண்டும் முடிந்த பின்பே கொயினாவுக்கு மாத்திரை என்று ஒன்று ஏற்பட்டது.

மேசைமேல் இருந்த குப்பியிலே இவ்விரண்டு வேலையும் முடியவில்லை. 5 மில்லிகிராம் என்று எழுதியிருப்பது பொடியின் எடையா, அதனுள் உள்ள பெப்டைடின் எடையா? உறைய வைத்து உலர்த்திய இத்தகைய பொடியில் ஈரமும் உப்பும் ஒட்டியே இருக்கும்; பொடி ஐந்தென்றால் பெப்டைடு நான்காக இருக்கக்கூடும். விற்போர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தூய்மை என்று சான்றிதழ் காட்டுவதுண்டு. அந்தத் தொண்ணூற்றொன்பது பெப்டைடுக்கும் அதன் சிதைவுகளுக்கும் உள்ள விகிதமே; எடையைச் சொல்லாது. குப்பியிலே நுண்ணுயிர் இல்லை, அதன் நச்சு இல்லை என்றும் சொல்லாது. சான்றிதழ் இந்தக் குப்பியைச் சோதித்து எழுதியதுதானா என்பதும் ஒரு கேள்வி. பட்டைக் கஷாயக் காலத்துக்கே திரும்பிவிட்டோம் அல்லவா?

அடுத்தது, அந்தப் பத்து எங்கிருந்து பிறந்தது என்பது. இப்பொருளைப் பற்றிய ஆராய்ச்சிகளிற் பெரும்பாலானவை எலிகளிடத்துச் செய்யப்பட்டவை. மனிதரிடத்துச் செய்தவை மிகச் சில, மிகச் சிறியவை. எலிக்குக் கொடுத்ததை எடைக்கு எடை மனிதனுக்குப் பெருக்க முடியாது. சிறிய உடம்பு வேகமாக எரிகிறது. உடம்பின் மேற்பரப்பைக் கொண்டு கணக்கிட்டால், எலிக்குக் கிலோவொன்றுக்கு இவ்வளவு என்பதை ஏறக்குறைய ஆறால் வகுத்தே மனிதனுக்குக் கொள்ளவேண்டும். இந்த வகுத்தலைச் செய்துவிட்டு அளவு கிடைத்துவிட்டதென்று எழுதுவோர் பலர். அந்தச் சூத்திரத்தை வகுத்த ஆராய்ச்சியாளர்களோ அதை முதற் சோதனையில் தீங்கு நேராமல் எங்கே தொடங்கலாம் என்றறிய மட்டுமே வைத்தார்கள். வந்த விடையையும் பத்தால், வேண்டுமானால் அதற்கும் மேலால் வகுத்துக்கொள்ளச் சொன்னார்கள். குணம் தரும் அளவு இதுவென்று அந்தச் சூத்திரம் ஒருபோதும் சொன்னதில்லை.

அவ்வளவு எச்சரிக்கையும் சில வேளை போதாது. 2006 மார்ச் 13ஆம் நாள் இலண்டன் வைத்தியசாலை ஒன்றில் நல்ல உடல்நலம் படைத்த இளைஞர் எட்டுப்பேர் ஒரு புதிய மருந்தின் முதற் சோதனைக்கு முன்வந்தனர். அது பெப்டைடிலும் பெரிய ஒரு புரதம். குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் ஐந்நூறில் ஒரு பங்கே கொடுத்தார்கள். இருவருக்கு வெறும் போலி ஊசி. மருந்து பெற்ற அறுவரும் சில மணி நேரத்துக்குள் வீழ்ந்தனர். உள்ளுறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. பக்கத்திலே தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்ததால் அறுவரும் உயிர் தப்பினர். லயத்து அறையில் தனியே ஊசி ஏற்றிக்கொள்பவருக்குப் பக்கத்தில் யார் இருப்பார்?

ஆராய்ச்சிக்கு மட்டுமே என்ற அச்சிற்றெழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். உண்மையான ஆய்வுக்கூடத்துக்கு அது ஓர் அறிவிப்பு; கடைக்காரருக்கோ அது ஒரு குடை. மருந்தென்று விற்றால் சட்டம் கேள்வி கேட்கும். இரசாயனம் என்று விற்றால் கேளாது என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்க நிர்வாகம் அதற்கு இடங்கொடாமல், இத்தகைய எழுத்தோடு செமாகுளுட்டைடும், அப்போது ஆய்வுநிலையிலேயே இருந்த ரெட்டாட்ருட்டைடும் விற்ற நிறுவனங்களுக்கு 2024இன் இறுதியில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பீ.பீ.சி. 157ஐ உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022இல் தடைப்பட்டியலிற் சேர்த்தது; எங்கள் கரப்பந்தாட்டக்காரர் இதைக் கேட்டதும்தான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இலங்கையிலே 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு பெறாத மருந்தை இறக்குமதி செய்யவோ விற்கவோ இயலாது. பதிவென்னும் வாயிலும் சில வேளை ஏமாற்றப்படுகிறது. 2023இல் அரச வைத்தியசாலைகளுக்கு வந்த இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து தரமற்றதென்று கண்டறியப்பட்டு நீதிமன்றம் வரை சென்றதை நாடறியும். வாயில் இருந்ததனால்தான் அது கண்டுபிடிக்கவும் பட்டது. உடற்பயிற்சிக் கூடத்துப் பைக்குள் வாயிலும் இல்லை, காவலும் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்த இளைஞரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏழு மாத வலி சிறிதன்று. கிளினிக்குக்கு ஒருநாள் போனால் ஒருநாள் சம்பளம் போகும். பலகையில் காத்திருந்து காட்டினால் வலிக்குக் குளிசையும் ஓய்வெடுக்கச் சொல்லும் அறிவுரையும் கிடைக்கும். நண்பரோ அன்போடு கொடுக்கிறார். தமக்குக் குணம் கண்டதென்றும் சொல்கிறார். முழங்கால் பிசகு பலருக்குத் தானாகவே ஆறும் என்பதால் அவர் சொல்வதைப் பொய்யென்று தள்ளவும் முடியாது, மருந்தின் பலனென்று கொள்ளவும் முடியாது. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்கே, மருந்து பெற்றவர் இத்தனை பேர், பெறாதவர் இத்தனை பேர் என்று பிரித்து ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார்கள். தனி ஒருவரின் அனுபவத்தால் அதை அவிழ்க்க இயலாது.

என் சிறுபருவத்துத் தோட்ட ஆஸ்பத்திரியை அவருக்கு நினைவூட்டினேன். வெறும் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்போம். மருந்துக்கார ஐயா பெரிய சாடியிலிருந்து கலவையை ஊற்றி, பக்கவாட்டில் பல்லுப்பல்லாக வெட்டிய கடதாசிப் பட்டி ஒன்றை ஒட்டிக் கொடுப்பார். ஒரு வேளைக்கு ஒரு பல். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டியும் பிழையின்றி அளந்து குடித்தார். அந்தப் பட்டியும் வெறும் கோடுதான். ஆனால் சாடியில் என்ன, எவ்வளவு கலந்தது என்பது புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்தப் புத்தகத்து அளவு பல்லாயிரம் நோயாளிகளிடத்துப் பார்த்துத் தேர்ந்த அளவு. அதனால் கோட்டை நம்பலாம்.

“அப்போ இதுக்குச் சரியான அளவு எவ்வளவு சேர்?” என்று கேட்டார்.

“இன்னும் எவரும் கண்டு சொல்லவில்லை, தம்பி. கூடவா குறையவா என்பது பிறகு வரும் கேள்வி.”

சிறிது நேரம் பேசாதிருந்தார். கடதாசியில் தாம் போட்ட கணக்கை மீண்டும் பார்த்தார். 500, 250, 167. பின்னர் தாயாருக்கு வாங்கிய ஊசிப் பொதியை எண்ணிப் பார்த்து, அதைத் துணிப்பைக்குள் தனியே வைத்தார்; ஒன்று குறைந்தாலும் அம்மா கேட்பாராம். குப்பியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, அதே கடதாசியில் சுற்றிச் சட்டைப் பையில் இட்டார். வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கிளினிக் நாள். கூடவே போய் முழங்காலையும் காட்டி, இந்தக் குப்பியையும் வைத்தியரிடம் காட்டிக் கேட்பதாகச் சொன்னார். பஸ் வந்துவிட்டது. முகிலுக்குள் புகைவண்டியின் ஒலியும் கேட்டது.